ஒப்புப் போட்டவர் வரணும்

எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை. கூச்சப்பட வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்களில் என் வீட்டுக்காரர்களும் உண்டு, சர்க்காரும் உண்டு, கொஞ்சம் நானும் உண்டு.

எழுபதுகளின் கடைசியில் கொச்சியில், மட்டாஞ்சேரியில் ரோடு பெருக்கும் வேலையில் இருந்தேன். முனிசிபல் வேலை, நிரந்தரம். படகு ஜெட்டியிலிருந்து பஜார் ரோட்டின் பாதி வரை என் பொறுப்பு. மிளகுக் குடோன், சுக்குக் குடோன், சாக்குக் கடைகள், மாட்டு வண்டிகள். எல்லாவற்றின் மிச்சமும் என் துடைப்பத்துக்குத்தான் வரும். இந்த வேலையை முதலில் என் அம்மா பார்த்தாள். அவளுக்குப் பின் எனக்கு வந்தது.

பெருக்குகிறவர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் லீவு எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து இன்னொருத்தி போய் நிற்பாள். விடிகாலை ஐந்தரைக்கு மேஸ்திரி மஸ்டர் புத்தகத்தைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். படுத்திருப்பவளின் பேர் வரும்போது வந்திருப்பவள் "ஹாஜர்" என்பாள். மேஸ்திரி தலையை நிமிர்த்த மாட்டார். ரோடு பெருக்கியாக வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. இதைத் தப்பு என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. பதினாறு வயதில் நானே ஒன்பது மாதம் என் அம்மாவாக இருந்திருக்கிறேன்.

அம்மா செத்து இரண்டு மாதம் கழித்து என் தூக்கம் போயிற்று. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு அடியோடு. பெருக்கிய இடத்தையே மறுபடி மறுபடி பெருக்கினேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் மத்தியான வெயிலில் நின்று பெருக்கினேன். ரோட்டில் கிடக்கும் மிளகு ஒவ்வொன்றும் வேண்டுமென்றே எனக்காகப் போட்டது என்று தோன்றியது. சுக்குக் குடோன் முதலாளி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் குப்பைக் கூடையைத் தூக்கிப்போய் அவர் உட்கார்ந்திருந்த வெள்ளை மெத்தையில் கவிழ்த்தேன். அதற்காக மட்டும் எனக்கு இன்னும் வருத்தம் வரவில்லை. ஆனால் அன்று வீட்டில் என் அண்ணனையும் கடித்து வைத்தேன். அதற்கு வருத்தம் உண்டு.

அண்ணன் குடோனில் மூட்டை தூக்குகிற ஆள். பயந்த சுபாவம். யாரோ வக்கீல் குமாஸ்தா சொன்னபடி இரண்டு டாக்டர்களிடம் சர்ட்டிபிகேட் வாங்கினான், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெட்டிஷன் கொடுத்தான். 'என் தங்கைக்குச் சித்தம் கலங்கிவிட்டது, அவளை ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்க உத்தரவு வேண்டும்' என்று எழுதி, கீழே ஒப்புப் போட்டான். எங்கள் பக்கத்தில் கையெழுத்துக்கு ஒப்பு என்றுதான் சொல்வோம். மாஜிஸ்திரேட் என்னிடம் ஏதாவது கேட்டாரா, நான் என்ன பதில் சொன்னேன், எதுவும் ஞாபகம் இல்லை. கோர்ட்டு வாசலில் ஒருவன் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆலுவா தாண்டி இன்னும் வடக்கே, சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரி. அங்கே என்னை அடித்தார்கள், உதைத்தார்கள் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். என்னை யாரும் அடிக்கவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், சில தடவை கரண்ட் வைத்தார்கள். தூக்கம் திரும்பி வந்தது. நாக்கு தடித்துப் போயிற்று, கை நடுங்கிற்று, ஆனால் மிளகு வெறும் மிளகு ஆயிற்று. ஐந்தாவது மாதம் வார்டு டாக்டரம்மா என் கண்ணை நேராகப் பார்த்து, "நீ சுகமாயிட்டே, இனி வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

நான் அன்றே புடவையை மடித்து வைத்துக் காத்திருந்தேன். சாயங்காலம் வரை யாரும் கூப்பிடாததால் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். கிளார்க் ஒரு பைல் கட்டைப் பிரித்து என் காகிதத்தைத் தேடி எடுத்தார்.

"பெட்டிஷன் கொடுத்தது யாரு? சேட்டனல்லே? ஒப்புப் போட்டவர் வரணும். அவர் எழுதிக் கொடுத்தாத்தான் விட முடியும்."

"டாக்டரம்மா போகலாம்னு சொல்லிட்டாங்களே சார்."

"டாக்டர் சொல்லலாம். கொண்டுபோக ஆள் வேண்டே?"

"எனக்குக் கால் இருக்கு சார். ஆலுவாவுக்கு பஸ் இருக்கு. அங்கேருந்து எறணாகுளம், எறணாகுளத்திலேருந்து மட்டாஞ்சேரிக்கு போட்டு. நான் போயிக்குவேன்."

அவர் கட்டை மூடிவிட்டுச் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. குழந்தை எதையாவது கேட்டால் சிரிப்போமே, அப்படித்தான் சிரித்தார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அந்தச் சட்டத்தின் லட்சணம் எனக்குப் புரிய ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதன்படி ஆஸ்பத்திரிக்குள் இரண்டு சாதி. தானாகவே வந்து படுத்தவர்கள் ஒரு சாதி. அவர்கள் ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். காசு கட்டும் வார்டில் அப்படி ஒரு பேங்க் ஆபீசரின் மனைவி இருந்தாள். என்னைவிட அதிகமாக அழுவாள். ஒருநாள் "போகிறேன்" என்றாள், மறுநாள் போய்விட்டாள். கோர்ட்டு உத்தரவில் வந்த நாங்கள் இன்னொரு சாதி. எங்களைத் தள்ளிவிட்ட கைதான் வந்து இழுக்க வேண்டும். அந்தக் கை வராவிட்டால் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். எங்கள் வார்டில் நன்றாகச் சமைக்கவும், தைக்கவும், கணக்குச் சொல்லவும் தெரிந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இருந்தார்கள். நோய் போய் வெகு காலம் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டுக்காரர்களும் போய் வெகு காலம் ஆகியிருந்தது.

அடுத்த ஆறு மாதத்தில் அண்ணனுக்கு மூன்று கார்டு எழுதினேன். மலையாளத்தில், எழுத்துக்கூட்டி. 'எனக்குச் சுகமாகிவிட்டது, வந்து கூட்டிப் போ.' பதில் இல்லை. ஒரே ஒரு தடவை, நான் சேர்ந்த இரண்டாவது மாதம், அவன் என்னைப் பார்க்க வந்திருந்தான். அன்று சொன்னது மட்டும் மருந்து மயக்கத்திலும் என் மண்டையில் நின்றிருந்தது.

"வேலெ போகல கேட்டோ. நீ ஒண்ணும் பேடிக்க வேண்டாம். உன் பேருக்கு மதினி நிக்கிறா. மேஸ்திரிக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியாது. தெரிஞ்சா உன்ன டிஸ்மிஸ் பண்ணிடுவாங்க."

அன்று எனக்கு நன்றியாகத்தான் இருந்தது. மூன்று கார்டுக்கும் பதில் வராத பிறகுதான் யோசித்தேன். நான் வெளியே வந்தால் மதினிக்கு வேலை இல்லை. நான் உள்ளேயே இருந்தால் வீட்டின் இரண்டு சம்பளமும் அவர்கள் கையில், ஒரு ஆள் சாப்பாடு மிச்சம், கடிக்கிற தங்கச்சியும் இல்லை. அண்ணன் கெட்டவன் இல்லை. 'அடுத்த மாசம் போகலாம்' என்று நினைக்கிறவன். அப்படி நினைக்கிறவர்களால்தான் எங்கள் வார்டு நிறைந்து கிடந்தது.

மாதத்துக்கு ஒருமுறை பெரிய மனிதர்கள் சிலர் சுற்றிப் பார்க்க வருவார்கள். விசிட்டர்கள் என்று சொல்வார்கள். அவர்கள் நினைத்தால் ஒருவரை விடுவிக்கலாம் என்று கேள்விப்பட்டேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் என்னை விடச் சொல்லிக் கேட்டேன்.

"வீட்டுலேர்ந்து யாரும் வரலியே, உன்னை யாரிடம் ஒப்படைப்பது?" என்றார் ஒருவர்.

"எங்கிட்டயே ஒப்படைங்க" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். 'இன்னும் கொஞ்சம் பதற்றம் இருக்கிறது' என்று ஏதோ குறித்துக்கொண்டார். வெளியே இருப்பவன் கத்தினால் கோபக்காரன். நாங்கள் கத்தினால் நோய் முற்றிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் மருந்தைவிட இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அன்றைக்கே ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கினேன். ஆபீசில் எங்கள் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள், அங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் தமிழில் எழுதினேன். 'அடுத்த மாசம் விசிட்டர்கள் வருவதற்குள் நீ வந்து ஒப்புப் போட வேண்டும். வராவிட்டால் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஒரு சர்க்கார் புத்தகத்தில் நான் இங்கே பூட்டிக் கிடக்கிறேன், இன்னொரு சர்க்கார் புத்தகத்தில் தினமும் பஜார் ரோடு பெருக்குகிறேன். எந்தப் புத்தகம் பொய் என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். உன் பெண்டாட்டி வேலையும் போகும், என் வேலையும் போகும், மேஸ்திரியும் போவார். போகட்டும்.' எழுதி முடித்தபோது கை நடுங்கவில்லை. மருந்து ஆரம்பித்த பிறகு அன்றுதான் முதல் தடவை அப்படி.

தபாலில் போட்டு மூன்று நாள் கழித்துத்தான் என் புத்திசாலித்தனம் எனக்கே உறைத்தது. அண்ணனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

ஆண்பிள்ளைக்கு நாளைக்கு உத்தியோகத்துக்கு உதவும் என்று அவனை அப்பா மலையாள வகுப்பில் சேர்த்தார். பெண்ணுக்கு இது போதும் என்று என்னைத் தமிழ் வகுப்பில் விட்டார். ஊரிலிருந்து வரும் தமிழ்க் கடிதங்களை வீட்டில் நான்தான் வாசித்துக் காட்டுவேன். நான் இல்லாத வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் மதினி. அவள் சங்கரன்கோவில் பக்கம். யாருடைய வேலையைப் பறிப்பேன் என்று மிரட்டியிருந்தேனோ, அவள் கையிலேயே அந்த மிரட்டலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் அதை அடுப்பில் போட்டால் முடிந்தது கதை. நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

அடுத்த பார்வையாளர் நாளில் மதினி வந்தாள். தனியாக. அவள் அதுவரை தனியாக எறணாகுளம்கூடப் போனதில்லை. வந்ததும் வராததுமாக இன்லண்டு லெட்டரை என் மடியில் எறிந்தாள்.

"ஏட்டி, நீ என்ன பெரிய கலெக்டரா? என்னைப் பயங்காட்டுதியோ?"

நான் லெட்டரை எடுத்து மடித்தேன்.

"உங்க அண்ணன் என்ன எழுதிருக்குன்னு கேட்டாக. 'சொகமா இருக்காளாம், கூட்டிட்டுப் போகணுமாம்'ன்னு மட்டுஞ் சொன்னேன். 'அடுத்த மாசம் பாக்கலாம்'னாக. நானும் சரின்னுட்டேன். பொய் சொல்லமாட்டேன், எனக்கும் அந்த வேலை வேணும். நான் சம்பாதிச்ச துட்டுன்னு ஒண்ண இப்பத்தான் கையில பாக்கேன்."

"பின்னே எதுக்கு வந்தீங்க?"

அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். முந்தின வாரம் நடந்ததைச் சொன்னாள். சுக்குக் குடோன் வாசலில் அவள் பெருக்கி முடித்த இடத்தில் மறுபடியும் சாக்கை உதறியிருக்கிறார்கள். "கண்ணு தெரியலையா?" என்று சத்தம் போட்டிருக்கிறாள். நியாயமான சத்தம்தான். அந்த முதலாளி கடைக்குள்ளிருந்தே என் பேரைச் சொல்லி, "அவளுக்கு மறுபடியும் கிறுக்கு இளகிட்டு. சேட்டனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லு" என்றாராம்.

"ஒன்னய நெனச்சு என்னயச் சொல்லுதான் அவன். ஒரு வருசமா தெனமும் அவன் கட வாசல்ல நிக்கேன், மூஞ்சிய ஒருநாளு பாத்ததில்ல. மேஸ்திரி கூப்பிடுத பேரு மட்டுந்தான் தெரியும். அந்தப் பேருக்காரிக்குக் கிறுக்குன்னு தெரியும். சாயாக்கடையில எனக்குக் கண்ணாடி கிளாசு குடுக்கமாட்டான், ஒடச்சிருவேனாம். நான் பாட்டுக்கு ரோட்ட கூட்டிட்டு வாரேன், புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஒதுங்குதாளுவ. இத்தன நாளா ஏன்னு புரியல எனக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவள் முறைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள். வார்டுக்காரிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அன்னைக்கு சாயங்காலம் உங்க அண்ணன்கிட்ட இதச் சொல்லி அழுதேன். என்ன சொன்னாக தெரியுமா? 'நீயும் கொஞ்சம் மெதுவாப் பேசிப் பழகு'ன்னாக. நான் சத்தமாப் பேசுதவட்டி. எங்க ஊருல எல்லாரும் சத்தமாத்தான் பேசுவோம். நாளைக்கு எம்பேர்லயும் ஒரு ஒப்பு வைக்க அவுகளுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

அதுதான் விஷயம். படித்தவர்கள் கமிட்டி போட்டு எழுதுவதை அவள் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். அடைத்து வைக்கிற அதிகாரம் நோயாளிக்கு மட்டும் எதிரானதில்லை, சத்தமாகப் பேசுகிற யாருக்கும் எதிரானது.

"அவன் வரமாட்டான் மதினி" என்றேன்.

"வருவாக. நாளையிலேருந்து நான் மஸ்டருக்குப் போகல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொடர்ந்து ஆப்சென்ட் விழுந்தால் வேலை போய்விடும் என்றேன். "அதத்தானட்டி நீயும் எழுதுன, போகட்டும்னு. எழுதத் தெரிஞ்சவளுக்கு இப்ப என்ன பயம்?" என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அதன் பிறகு நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். முதல் நாள் என் பேருக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. மேஸ்திரி தலையை நிமிர்த்திப் பார்த்தாராம். இரண்டாம் நாள் லைன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மூன்றாம் நாள் அவரே வந்தார். விஷயம் ஆபீசுக்குப் போனால் தன் தலையும் உருளும் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் மதினியைக் கெஞ்சினான், திட்டினான், அவள் நகரவில்லை. "பேருக்குச் சொந்தக்காரியக் கூட்டிட்டு வாங்க" என்பதுதான் ஒரே பதில். ஆறாவது நாள் அண்ணன் ஆஸ்பத்திரி ஆபீசில் வந்து நின்றான்.

அவன் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. 'இவளை நான் பொறுப்பேற்றுக் கூட்டிப் போகிறேன், பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன்' என்று கிளார்க் சொல்லச் சொல்ல எழுதினான், ஒப்புப் போட்டான். என்னைப் பற்றிய காகிதம் அது. அதில் என் கை படவே இல்லை. நான் பேனாவைக் கேட்டேன்.

"பேஷண்டுக்கு இதில் இடமில்லா" என்றார் கிளார்க்.

இடம் இருந்தது. அண்ணனின் ஒப்புக்குக் கீழே இரண்டு விரற்கடை வெள்ளையாகக் கிடந்தது. நான் காகிதத்தை இழுத்து அங்கே தமிழில் முழுப் பேரையும் எழுதினேன். கிளார்க் அடித்துவிடப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, தேதி முத்திரையை என் பேர் மேல் பாதி படும்படி குத்திவிட்டு அடுத்த கட்டை எடுத்தார். போட்டில் வரும்போது அண்ணன் அழுதான். நான் அவனைத் தேற்றவில்லை. கடல் காற்று நன்றாக இருந்தது, அதை அனுபவித்தேன்.

மறுநாள் முதல் என் பேருக்கு நானே நின்றேன். மதினி வீட்டில் உட்கார்ந்தாள், அது எனக்கு உறுத்தியது. இரண்டு பேருமாக ஹெல்த் ஆபீசுக்கு நடையாய் நடந்து, அவள் சொந்தப் பேரில் பதிலி ஆட்கள் லிஸ்டில் ஏற்ற இரண்டு வருஷம் ஆயிற்று. வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அவள் சுக்குக் குடோன் வாசலில் நின்று, தன் பேரை அந்த முதலாளிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தாள். அவர் எதற்கு என்று புரியாமல் தலையை ஆட்டினாராம்.

எண்பதுகளின் கடைசியில் புதுச் சட்டம் வருகிறது என்று பேப்பரில் படித்தேன். பழைய சட்டத்தில் எங்களுக்கு இருந்த பைத்தியம் என்ற பேரை எடுத்துவிட்டு, மனநோயாளி என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். குணமாகிவிட்டதாக நினைக்கிறவர் டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு தானே மாஜிஸ்திரேட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். பாஸாகியும் அது நடைமுறைக்கு வர வருஷக் கணக்கில் ஆயிற்று, சர்க்காருக்கு என்ன அவசரம்? எங்கள் வார்டில் எனக்கு முகம் ஞாபகம் இருந்த ஒவ்வொருத்திக்கும் கார்டு எழுதினேன். இப்படி ஒரு வழி வரப்போகிறது, யாரும் வராவிட்டாலும் நீயே எழுதலாம் என்று. இரண்டு கார்டு திரும்பி வந்தன. மற்றவை போய்ச் சேர்ந்தனவா தெரியாது. சொந்தக்காரர்கள் ஒப்புப் போட்டு அடைக்கிற வழியைப் புதுச் சட்டமும் மூடவில்லை. அதையும் பேப்பரில் படித்தேன்.

நான் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேன். எனக்கு இன்னும் கோபம் வருகிறது. இரண்டும் வேறு வேறு என்பதை வீட்டில் புரியவைக்கத்தான் நாளாயிற்று. அந்தப் பேப்பர் வந்த வருஷம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் பிடிக்கும் விஷயத்தில் அண்ணனுக்கும் எனக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவனும் கத்தினான். வாதத்தில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, பத்து வருஷமாகச் சொல்லாத அந்த வார்த்தையைச் சொன்னான்.

"என்னா, மறுபடியும் ஒப்புப் போடணுமா?"

அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த ஒரு கேள்விக்கு நான் இரண்டடி பின்னால் போனேன். சமையல் கட்டிலிருந்து மதினி வெளியே வந்தாள். கையில் கப்பைக் கிழங்கு சீவிய கத்தி இருந்தது. அதைத் திண்டின் மேல் வைத்தாள். அண்ணன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவன் கையில் கொடுத்தாள்.

"போடுங்க. ரெண்டு பேரையும் சேத்தே எழுதிருங்க. மொதல்ல எம்பேர எழுதுங்க."